கோட்டைக்கு ஒரு மணி, எனக்கு ஒரு பெஞ்ச்

மகாபலிபுரத்தில் எனக்குத் தெரிந்தது வண்டி நிறுத்தும் இடம். மைசூர் அரண்மனையில் செருப்பு விடும் இடம். வாரங்கல் கோட்டையில் ஒரு புளியமரமும் அதன் அடியில் வெள்ளரிப்பிஞ்சு விற்ற பெண்ணும். நாகார்ஜுன சாகருக்குப் பள்ளிக்கூடத்தில் கூட்டிப்போனபோது எல்லாருடைய டிபன் பாக்ஸுக்கும் காவலாகப் பஸ்ஸிலேயே இருந்தேன். வகுப்பே அணையைப் பார்த்துவிட்டு வந்து, "ஒண்ணுமில்லப்பா, வெறும் தண்ணிதான்" என்று எனக்கு ஆறுதல் சொன்னது.

அந்த "ஒண்ணுமில்ல" என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு உடம்பெல்லாம் எரியும். ஒன்றுமில்லாததைப் பார்க்கவா இத்தனை தூரம் வந்தீர்கள்? ஒன்றுமில்லாததன் முன்னால் நின்றா அத்தனை போட்டோ எடுத்தீர்கள்?

சின்ன வயதில் எனக்கு இளம்பிள்ளை வாதம் வந்தது. வலது கால் சூம்பிப்போனது. தொடையிலிருந்து பாதம் வரை காலிபர் என்னும் இரும்புச் சட்டம் மாட்டி, ஒரு ஊன்றுகோலோடு நடப்பேன். நடப்பேன் என்பதைக் கொஞ்சம் அழுத்தித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் என்னைப் பார்க்கிறவர்கள் அதை நம்புவதில்லை. அப்பா செகந்திராபாத் லாலாகுடா ரயில்வே பணிமனையில் ஃபிட்டர். நான் பிறந்து வளர்ந்தது அங்கே குவார்ட்டர்ஸில். படித்தேன், அரசு அலுவலகம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தேன், அதே லாலாகுடாவில் தரைத்தளத்தில் ஒரு சின்ன வீடு வாங்கினேன். பக்கச் சக்கரம் வைத்த ஸ்கூட்டரில் செகந்திராபாத் போக்குவரத்து நெரிசலில் தினமும் வேலைக்குப் போய்வருகிறேன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. என் காரியம் எதற்கும் யாரையும் கூப்பிட்டதில்லை. ஆனால் "டூர்" என்ற பேச்சு எழுந்தால் போதும், நான் ஒரு சாமான் ஆகிவிடுவேன். ஏற்ற வேண்டும், இறக்க வேண்டும், நிழலில் வைக்க வேண்டும்.

போன தசரா விடுமுறையில் நடந்ததைத்தான் சொல்ல வந்தேன்.

என் தம்பி கொண்டாப்பூரில் இருக்கிறான். ஐ.டி. கம்பெனியில் மேனேஜர். அவன் மனைவி திருநெல்வேலிப் பெண். அவளுடைய அப்பாவும் அம்மாவும் விடுமுறைக்கு ஹைதராபாத் வந்திருந்தார்கள். முதலில் ஊரைச் சுற்றிப் பார்ப்பது, பிறகு எல்லோருமாகச் சேர்ந்து எல்லோரா, சாஞ்சி, ஆக்ரா, டெல்லி என்று ஒரு பெரிய பயணம் போவது என்று ஏற்பாடு. என்னையும் கட்டாயம் வரச் சொன்னான் தம்பி. அலுவலகத்தில் லீவு போட்டுவிட்டேன். உண்மையைச் சொன்னால், புதுச் செருப்புகூட வாங்கினேன். காலிபருக்குப் பொருந்துகிற மாதிரி செருப்பு செய்துவாங்குவது எங்களைப் போன்றவர்களுக்கு லேசான வேலை அல்ல.

கிளம்புவதற்கு முந்தைய வாரம் திட்டம் போட எல்லோரும் தம்பி வீட்டு ஹாலில் உட்கார்ந்தோம். அவன் மடிக்கணினியை டி.வி.யோடு இணைத்துத் திரையில் காட்டினான். கட்டம் கட்டமாக, கலர் கலராக இருந்தது. எந்த ஊர், எந்த இடம், எத்தனை மணிக்கு உள்ளே, எத்தனை மணிக்கு வெளியே.

"கோல்கொண்டா ஒம்பதரைக்கு உள்ள போறோம், பத்தரைக்கு வெளிய. ஒரு மணி நேரம் தாராளம். சார்மினார் அரை மணி. சாலார்ஜங் மியூசியம் முக்கால் மணி" என்று வாசித்தான்.

"முக்கால் மணியில அந்த மியூசியத்துல என்னடா பாப்ப?" என்றேன்.

"முக்கியமானதை மட்டும் பாத்துட்டு ஓடிரலாம்க்கா."

"கோட்டைக்கு ஒரு மணின்னு போட்டிருக்கியே, அது யாரு நடக்கற நேரம்?"

"ஆவரேஜா, எல்லாரும்தான்."

"அந்த எல்லாருல நான் இருக்கேனா?"

தம்பி மனைவி காப்பி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். தம்பி என் பக்கம் திரும்பி உட்கார்ந்து, குழந்தைக்குச் சொல்வதுபோல் சொன்னான்.

"உனக்கு எந்தக் கஷ்டமும் வராதுக்கா. கீழேயே நல்ல நிழல்ல ஒரு பெஞ்ச் இருக்கு. போன வாரம் ஆபீஸ் கெஸ்ட்டோட போனப்பவே உனக்குன்னு பாத்து வெச்சுட்டேன். அத்தைக்கும் முட்டி வலி, அவங்களும் உன்கூட உக்காந்துக்குவாங்க. பையெல்லாம் உங்ககிட்ட குடுத்துட்டா நாங்க ஃப்ரீயா ஏறிடுவோம்."

அவன் அத்தை என்றது மனைவியின் அம்மாவை. அந்த அம்மா சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார். அவரிடமும் யாரும் கேட்கவில்லை.

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் எப்படிச் சண்டை போடுவது? அவன் எனக்காக நிழல் தேடியிருக்கிறான். திட்டினால் நான்தான் நன்றி கெட்டவள். திரையை நானே கீழே தள்ளிப் பார்த்தேன். எல்லோராவில் என் பெயருக்கு நேரே "வேன்" என்று இருந்தது. சாஞ்சியில் "வேன்". டெல்லியில் ஓர் இடத்தில் "ஹோட்டல் ரூம், ரெஸ்ட்". பாதி இந்தியாவை நான் வேனுக்குள்ளிருந்தே பார்ப்பதாகத் திட்டம் போட்டிருந்தான். எனக்கு எவ்வளவு நேரம் வேண்டும் என்று ஒரு வார்த்தை கேட்காமல், எனக்கு நேரமே வேண்டாம் என்று முடிவு கட்டிவிட்டான். சம்பந்தி வீட்டார் முன்னால் தம்பியை விட்டுக்கொடுக்க மனமில்லாமல் அன்றைக்கு வாயை மூடிக்கொண்டேன்.

கோல்கொண்டாவுக்கு வேனில் போனோம். தம்பி, அவன் மனைவி, அவர்களுடைய மகள், மாமனார், மாமியார், நான். டிக்கெட் எடுத்து உள்ளே நுழைந்ததும் அந்தப் பெஞ்ச் வந்தது. நிழல் நன்றாகத்தான் இருந்தது. பைகளை ஒவ்வொன்றாக எங்கள் மடியிலும் பக்கத்திலும் வைத்தார்கள். தண்ணீர் பாட்டில்கள், நொறுக்குத் தீனி, மகளின் ஜாக்கெட், மாமனாரின் குடை.

"டாட்டா அத்தை! ஜஸ்ட் ஒன் ஹவர், ஓகேவா?" என்று தம்பி மகள் கையாட்டினாள். பத்தாவது படிக்கிறாள். தமிழ் புரியும், பேச்சில் பாதி இங்கிலீஷ், மீதி தெலுங்கு. நல்ல பெண்தான். அவர்கள் வாசல் மண்டபத்துக்கு நடுவே நின்று கைதட்டினார்கள். மேலே கோட்டை உச்சிவரை கேட்கும் என்று எல்லோரும் தட்டுவார்கள். தட்டிவிட்டுப் படிப்பக்கம் போய் மறைந்தார்கள்.

சம்பந்தியம்மா தன் கால்களைப் பைகளுக்கு நடுவே நீட்டிக்கொண்டார்.

"எனக்கு இது பழக்கந்தாம்மா. திருச்செந்தூர் போனா செருப்புக்குக் காவல், குத்தாலம் போனா துணிக்குக் காவல். எல்லாரும் குளிச்சிட்டு வந்து, தலையத் துவட்டிக்கிட்டே, தண்ணி ஜிலுஜிலுன்னு இருக்குங்காக. எனக்கு அப்படியே பத்திக்கிட்டு வரும்."

நான் சிரித்துவிட்டேன். எனக்கு மட்டும்தான் பற்றிக்கொண்டு வரும் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

"நீங்க ஒரு நாளும் கேக்கலையா, நானும் குளிக்கறேன்னு?"

"அப்பொறம் துணிய யாரு பாக்க?" என்றார். ரொம்ப சாதாரணமாகச் சொன்னார்.

எங்களைத் தாண்டி ஒரு குடும்பம் போனது. கைக்குழந்தையோடு ஒரு பெண், தடி ஊன்றிய ஒரு பெரியவர். அவர்கள் படிப்பக்கம் போகவில்லை. தரையோடு தரையாகப் போகிற ஒரு பாதையில் நடந்து ஒரு வளைவுக்குள் மறைந்தார்கள். பக்கத்தில் நின்ற காவலாளியிடம், அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று கேட்டேன்.

"ராணியான் கா மஹல் ஹை அம்மா. சப் நீச்சேச் ஹை" என்றார். ராணிகளின் மாளிகைகள், எல்லாம் கீழேயேதான் இருக்கின்றன.

"படியெல்லாம் நிறைய இருக்குமா?" என்று அவர் பாஷையில் கேட்டேன்.

"தோடே ஹைன். ஜாவ் நா அம்மா, கைக்கு பைட்டே?"

கொஞ்சம்தான், போங்கள், ஏன் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று கேட்டார் அவர். அதை ஒரு முன்பின் தெரியாத மனிதர் கேட்க வேண்டியிருந்தது. என் தம்பி இந்தக் கோட்டைக்கு எத்தனையோ முறை விருந்தாளிகளைக் கூட்டிவந்திருக்கிறான். கீழே இருக்கிற மாளிகைகளைத் தாண்டித்தான் ஒவ்வொரு முறையும் போயிருக்கிறான். அவனுக்குக் கோட்டை என்றால் உச்சி. உச்சிக்கு ஏற முடியாதவளுக்கு பெஞ்ச். நடுவில் இருக்கிற எதையும் அவன் எனக்காகப் பார்க்கவில்லை. பெஞ்சை மட்டும் பார்த்திருக்கிறான். இதை நினைத்ததும் என் காது சூடாகிவிட்டது.

"நான் போறேம்மா" என்று எழுந்தேன்.

"போயிட்டு வா தாயி. பைய நான் பாத்துக்கிடுதேன்."

இரண்டு எட்டு வைத்தவள் நின்றுவிட்டேன். அவரை அங்கே உட்கார வைத்துவிட்டு நான் போனால், தம்பி எனக்குச் செய்ததை நான் அவருக்குச் செய்கிறேன். "நீங்களும் வாங்க" என்றேன்.

"பை?"

"வேன்ல கொண்டுபோய்ப் போட்டுட்டு வாங்க. டிரைவர் இருக்காரில்ல."

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து, எல்லாப் பைகளையும் இரண்டு தோளிலும் மாட்டிக்கொண்டு வெளியே போனார். திரும்பி வந்தபோது முகம் வேர்த்திருந்தது, கை வீசி நடந்துவந்தார். என் கைப்பையையும் சேர்த்து எடுத்துப்போயிருந்தார். என் போன் அதற்குள் இருந்தது. பரவாயில்லை என்று விட்டுவிட்டேன்.

மெதுவாகப் போனோம். கல் பாவிய தரை மேடும் பள்ளமுமாக இருந்தது. காலிபர் போட்டவர்களால் காலை மடக்க முடியாது. இடுப்பிலிருந்து வீசித்தான் வைக்க வேண்டும். ஓர் இடத்தில் படிகள் வந்தன. உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கினேன். புடவையில் புழுதி அப்பியது. சம்பந்தியம்மா என் ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். அவசரப்படுத்தவில்லை, "பாத்து, பாத்து" என்று பதறவும் இல்லை.

உள்ளே பெரிய முற்றம். நடுவில் வற்றிய நீரூற்றுத் தொட்டி. சுற்றிலும் கூரையில்லாத சுவர்கள், வளைவுக்குள் வளைவாகப் போய்க்கொண்டே இருந்தன. சுண்ணாம்புப் பூச்சில் இலையும் பூவுமாக வேலைப்பாடு அங்கங்கே மிச்சமிருந்தது. சுவர்ப் பொந்துகளிலிருந்து கிளிகள் பறந்தன. ஒரு வளைவுக்குள் போய்ச் சுவரில் கையை வைத்தேன். வெளியே அத்தனை வெயில், கல் குளிர்ந்து கிடந்தது. இவ்வளவு கனமான சுவரை நான் தொட்டதில்லை. இந்த ஊரில் பிறந்தவள் நான். இந்தக் கோட்டையைப் பாடப்புத்தகத்தில் படித்துப் பரீட்சை எழுதி மார்க் வாங்கியவள். அன்றைக்குத்தான் அதைத் தொட்டேன்.

சம்பந்தியம்மா ஓர் அறைக்குள் எட்டிப் பார்த்து, "இது அடுப்பங்கரை" என்றார்.

"குளிக்கற இடமா இருக்கும். பாருங்க, தண்ணி போற வழி இருக்கு."

"அடுப்பங்கரையில தண்ணி போகாதாக்கும்? ராணி வீட்டுல பாத்திரம் கழுவ மாட்டாகளா?"

அதைப் பற்றி வெகுநேரம் தர்க்கம் செய்தோம். வழிகாட்டி யாரும் இல்லை, சரியான விடை எங்கள் இருவருக்கும் தெரியாது. இருந்தாலும் அப்படி ஒரு தர்க்கம் செய்ய எனக்கு அதுவரை வாய்த்ததில்லை. பார்த்தவர்கள்தானே தர்க்கம் செய்ய முடியும்.

நாங்கள் திரும்பி வாசல் பக்கம் வந்தபோது தம்பி ஓடிவந்தான். சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது.

"எங்கக்கா போனே? எவ்ளோ நேரமா தேடறேன் தெரியுமா? போன் எங்கே? செக்யூரிட்டிகிட்டச் சொல்லி மைக்ல கூப்பிடச் சொல்லலாம்னு இருந்தேன்!"

"மகாலைப் பாக்கப் போனேன்."

"உன்னை யாரு போகச் சொன்னா? அந்தக் கல்லுல விழுந்து வெச்சா யாரு பொறுப்பு?"

"நான்தான் பொறுப்பு. வேற யாரு?"

"சார்மினார் போச்சு. மியூசியம் போச்சு. பூரா ப்ளானும் போச்சு. குடிக்கத் தண்ணிகூட இல்லாம நாங்க இங்க நிக்கறோம்."

அவனுடைய மாமனார் ஒரு திட்டில் உட்கார்ந்து கைக்குட்டையால் விசிறிக்கொண்டிருந்தார். கூட்டுறவு வங்கியில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். யாரையும் பார்க்காமல் பொதுவாகச் சொன்னார்.

"முடியாதவங்கள கூட்டிட்டு வந்தா இப்படித்தான் ஆகும் மாப்ளே. அன்னைக்கே சொன்னேன்லா, வீட்டுல விட்டுட்டு வரலாம்னு."

அன்றைக்கே என்றால் என்றைக்கு? என்னைப் பற்றி, நான் இல்லாதபோது, பேசியிருக்கிறார்கள். நான் தம்பியைப் பார்த்தேன். எங்கள் அக்காவை அப்படிச் சொல்லாதீர்கள் மாமா என்று ஒரு வார்த்தை வரும் என்று நின்றேன். அவன் குனிந்து போனில் ஏதோ தேடிக்கொண்டிருந்தான். சின்ன வயதில் லாலாகுடாவில் தெருப் பையன்கள் என் நடையைப் போலச் செய்து காட்டியபோது கல்லெடுத்து அடித்தவன் இவன்.

"அப்பா, சும்மா இருங்கப்பா" என்றாள் தம்பி மனைவி மெல்லிய குரலில்.

சம்பந்தியம்மாதான் தன் கணவருக்கு முன்னால் போய் நின்றார்.

"யாருக்கு முடியாது? நீங்க மேல போனீகளே, என்னத்தப் பாத்தீக? சொல்லுங்க, கேப்போம்."

"மேல… காத்து நல்லா வருது. ஊரு பூராத் தெரியுது."

"அம்புட்டுதானா?"

"அம்புட்டுதான். போட்டோ எடுத்தோம், எறங்கிட்டோம்."

"நாங்க பாத்தத நான் சொல்ல ஆரமிச்சா பொழுது போயிரும்."

பேத்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். வேறு சமயமாக இருந்தால் நானும் சிரித்திருப்பேன். தம்பியிடம் சொன்னேன்: "தண்ணி வேன்ல இருக்கு. என் கைப்பையும் அங்கதான். நான் வீட்டுக்குப் போறேன். வடக்கேயும் நான் வரல."

"மைனி, கோவத்துல எதுவும் சொல்லாதீங்க" என்று தம்பி மனைவி என் கையைப் பிடித்தாள். நான் விடுவித்துக்கொண்டேன். வேனிலிருந்து கைப்பையை எடுத்துக்கொண்டு, சாலைக்கு நடந்து ஓர் ஆட்டோ பிடித்து லாலாகுடா வந்துசேர்ந்தேன். காலிபரைக் கழற்றினால் தொடையில் தோல் உரிந்து சிவந்திருந்தது. அதற்கு எண்ணெய் போட்டுக்கொண்டே அழுதேன். வலியால் இல்லை. மாமனார் சொன்னது போகட்டும், அவர் யாரோ. என் தம்பி அந்த நேரத்தில் போனைப் பார்த்தான், அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

இரண்டு நாள் கழித்து அவன் போன் செய்தான். மன்னிப்பு என்ற வார்த்தை வரவில்லை.

"உன் பேர்ல டிக்கெட்டெல்லாம் போட்டாச்சுக்கா. ஹோட்டல்ல ரூம் போட்டாச்சு. வந்துடு."

"நக்கோ" என்றேன். எங்கள் வீட்டில் அப்பா காலத்திலிருந்து அந்த வார்த்தைக்கு மேல் பேச்சு கிடையாது. வேண்டாம் என்றால்கூடத் திரும்பக் கேட்பார்கள். நக்கோ என்றால் விட்டுவிடுவார்கள்.

அவர்கள் போனார்கள். போட்ட லீவை நான் ரத்து செய்யவில்லை, வீட்டிலேயே இருந்தேன். தம்பி மகள் தினமும் போட்டோ அனுப்பினாள். எல்லா இடத்திலும் ஒரே மாதிரி நின்றிருந்தார்கள். பின்னால் இருக்கும் கட்டடம் மட்டும் மாறியது. எல்லோராவில் எடுத்த ஒரு படத்தில், இவர்கள் வரிசையாக நின்று சிரிக்க, ஓரத்தில் பாதி வெட்டுப்பட்டு ஓர் உருவம் இருந்தது. பெரிதாக்கிப் பார்த்தேன். சம்பந்தியம்மா. மடி நிறையப் பைகள். பார்வை காமிராவின் பக்கம்கூட இல்லை.

எனக்குத் தலைக்கேறிவிட்டது. உடனே அவருக்குப் போன் செய்தேன்.

"ஆமாம்மா, உக்கார வெச்சுட்டாக" என்றார். "கீழயே பெரிய கோயில் இருக்காம், மலையக் குடைஞ்சு பண்ணுனதாம். படியே கெடையாதுங்காக."

"அப்போ எழுந்து போக வேண்டியதுதானே?"

"நீ இருந்தா எந்திரிச்சிருப்பேன். தனியா எந்திரிக்க ஒரு தைரியம் வரல."

நான் வராமல் போனதில் எனக்கு ஒரு கெத்து இருந்தது. அது அந்த நிமிஷத்தோடு இறங்கிவிட்டது. கோபம் இறங்கவில்லை. அத்தனை பேர் கூடப் போயிருக்கிறார்கள், "வாங்க" என்று சொல்ல ஒருவருக்கு வாய் வரவில்லை.

திரும்பி வந்த ஞாயிற்றுக்கிழமை தம்பி தனியாக என் வீட்டுக்கு வந்தான். ஆக்ராவின் பூசணி மிட்டாய் ஒரு பெட்டி கொண்டுவந்தான். சாம்பார் சாதம் போட்டேன், சாப்பிட்டான். எங்கள் வீட்டில் சண்டை போட்டவர்களுக்கும் சோறு உண்டு. சாப்பிட்டு முடித்துக் கை கழுவிவிட்டு வந்து, சுவரைப் பார்த்தபடி சொன்னான்.

"மாமா அப்படிப் பேசினது தப்புதான்க்கா."

"அவரை விடு. நீ ஏன் பேசல?"

"அந்த டென்ஷன்ல…" என்று இழுத்தான். பிறகு, "உன்னை எங்கயும் விழ விட்டுடக் கூடாதுன்னுதான் நான் பாக்கறேன். அது தப்பா?"

"நான் கீழ விழுந்து எழுந்தே வளர்ந்தவடா. உனக்கு நடக்கக் கத்துக் குடுத்ததே நான்தான், மறந்துட்டியா? எனக்குப் பெஞ்ச் தேடாதே. எவ்வளவு நேரம் வேணும்னு என்னைக் கேளு. அதை நீயா போடாதே."

அவன் கொஞ்சம் யோசித்துவிட்டு நேராகக் கேட்டான். "சரி, சொல்லு. எவ்வளவு நேரம் வேணும் உனக்கு?"

மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு கோட்டையைச் சுற்றிப் பார்க்க எனக்கு எத்தனை மணி ஆகும்? ஒரு மியூசியத்துக்கு? ஒரு கோயிலுக்கு? அலுவலகத்தில் எந்தக் கோப்பு முடிக்க எவ்வளவு நேரமாகும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். இது தெரியவில்லை. யாரும் என்னை ஓர் இடத்தில் கடைசிவரை விட்டதே இல்லை. தெரியவில்லை என்று தம்பியிடம் சொல்ல நேர்ந்தபோது வெட்கமாக இருந்தது. வெட்கப்பட வேண்டியவள் நானா என்று உடனே கோபம் வந்தது.

"தெரியாது. பாத்துட்டுச் சொல்றேன்" என்றேன்.

சம்பந்தி வீட்டார் ஊருக்குக் கிளம்பும் முன்னால் ஒரு வேலைநாளில், காலையிலேயே ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கொண்டாப்பூர் போனேன். சம்பந்தியம்மா கீழே வாசலில் தயாராக நின்றார். கையில் ஒரு தூக்குச்சட்டி. அவர் கணவர் பால்கனியிலிருந்து, "எத்தன மணிக்கு வருவிய?" என்று கேட்டார். "வரும்போது வருவோம்" என்று மேலே பார்த்துச் சொல்லிவிட்டு என் பின்னால் ஏறி உட்கார்ந்தார்.

குதுப்ஷாஹி சுல்தான்களின் கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம். பெரிய தோட்டம். அங்கங்கே வெங்காயம் கவிழ்த்தது போன்ற கும்மட்டங்களோடு சமாதிக் கட்டடங்கள். ஒன்றிலிருந்து ஒன்றுக்கு நடக்க எனக்கு நேரம் பிடித்தது. களைத்த இடத்தில் புல்லில் உட்கார்ந்தோம். ஒரு கட்டடத்தின் மேடைக்குப் படி ஏறியே தீர்வது என்று முடிவு செய்து, உட்கார்ந்தபடி பின்பக்கமாக ஒவ்வொரு படியாக ஏறினேன். அந்தப் பக்கம் வந்த கல்லூரிப் பிள்ளைகள் தூக்கிவிடக் கை நீட்டினார்கள். "நக்கோ பேட்டா, மைச் சட்தியும்" என்றேன். நானே ஏறிக்கொள்கிறேன் என்றதும் சரியென்று சிரித்துக்கொண்டே விலகிப் போனார்கள்.

உள்ளே ஒற்றைக் கருங்கல் சமாதி. அதில் வரிவரியாக எழுத்து செதுக்கியிருந்தது. எங்கள் இருவருக்கும் படிக்கத் தெரியாத எழுத்து. சம்பந்தியம்மா குனிந்து அதன் ஓரத்தைத் தடவிப் பார்த்து, எண்ணெய் தேய்த்தாற்போல் இருக்கிறது என்றார். நான் சத்தமாக இருமினேன். அது கும்மட்டத்தின் உள்ளே சுற்றிச் சுற்றி வந்தது. அவர் தன் ஊர் அம்மன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்தார், பிறகு யாராவது கேட்டிருப்பார்களோ என்று வாசலைப் பார்த்தார். வேப்ப மரத்தடியில் தூக்குச்சட்டியைத் திறந்து எலுமிச்சைச் சாதம் சாப்பிட்டோம். அப்படியே கொஞ்சம் படுத்தும் எழுந்தோம். நேரம் பார்க்கவில்லை.

வெயில் சாயும்போது தம்பி வந்தான். ஆபீஸிலிருந்து நேரே வந்திருந்தான். மாமனார் விடாமல் போன் செய்திருக்கிறார் போலிருக்கிறது. எங்களைத் தேடிக்கொண்டு தோட்டத்துக்குள் நடந்துவந்து, புல்லில் எங்கள் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"போலாமாக்கா?"

"அந்தக் கடைசில இருக்கறது இன்னும் பாக்கல."

"சரி" என்றான். சொல்லிவிட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். கொஞ்ச நேரத்தில் இன்னொரு தடவை பார்த்தான். நான் பார்த்தேன் என்று அவனுக்குத் தெரிந்ததும் கையைப் பின்னால் வைத்துக்கொண்டான். நான் ஊன்றுகோலை எடுத்து ஊன்றி எழுந்தேன். சம்பந்தியம்மா எனக்கு முன்னால் நடக்க ஆரம்பித்திருந்தார்.